மூன்று முறை காய்ச்சல்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. பாப்பாவுக்குத் தேர்வு முடிந்துவிட்டது. கணக்குதான் சற்றுச் சறுக்கியதாம். அப்பா நலம். உனக்குப் பதவி உயர்வு கிடைத்ததை நான் சொல்லாத ஆளில்லை; 23 வயதில் நம் குடும்பத்தில் வேறு யாரும் அந்த இடத்துக்கு வந்ததில்லை. இவற்றையெல்லாம் விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் பேனா வேறொரு இடத்திலேயே போய் நிற்கிறது.

இரண்டு மாதங்களில் மூன்று திங்கட்கிழமைகள் உனக்குக் காய்ச்சல் என்றாய். மூன்றாவது முறை நீ சொன்னபோது, ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார். அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நம் வீட்டில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்பது பாப்பாவைத் தவிர நம் மூவருக்கும் தெரியும்.

நான் உன்னை எதுவும் கேட்கப் போவதில்லை. பொதுவாகச் சிலவற்றை எழுதுகிறேன். உன்னோடு தங்கியிருக்கும் நண்பர்களுக்குப் பயன்பட்டாலும் சரி.

மது உறக்கத்தை விரைவில் வரவழைக்கும், ஆனால் இரவின் பின்பாதியில் அதுவே உறக்கத்தைக் கலைத்தும் விடும். அதனால் தூங்குவதற்காகக் குடிப்பவர் களைப்போடு எழுந்து, அந்தக் களைப்பைச் சொல்லியே மறுநாளும் குடிக்கிறார். முந்தின இரவு பேசியது காலையில் நினைவில்லை என்றால் அது வெறும் மறதியன்று. மூளை அந்தப் பேச்சைப் பதியவே இல்லை என்பதால் எவ்வளவு யோசித்தாலும் அது திரும்பக் கிடைக்காது. பின்விளைவை எடைபோட்டு நம்மை நிறுத்தி வைக்கும் நெற்றிப்புற மூளை முழு வளர்ச்சி பெற ஏறத்தாழ 25 வயது ஆகிறது என்கிறார்கள். உடல்நலத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவுமே இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் வெளிப்படையாகவே கூறிவிட்டது; ‘அளவோடுதான்’ என்ற சொல்லைப் பல ஆண்டுகள் தினமும் கேட்டவள் நான், எனக்கு அது புதிய செய்தியாகப் படவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, தூக்க மாத்திரையோடு சேர்க்கவே கூடாது. இரண்டும் மூச்சை மந்தமாக்குபவை. சேர்ந்தால் தூக்கத்திலேயே மூச்சு நின்றுவிடலாம். மயங்கிக் கிடப்பவனைத் தூங்கினால் சரியாகிவிடும் என்று மல்லாந்த நிலையில் விட்டுவிடாமல், ஒருக்களித்துப் படுக்க வைத்து உடனே மருத்துவ உதவியை அழைக்க வேண்டும்.

நாள்தோறும் பழகிய ஒருவர் வைராக்கியத்தோடு ஒரே நாளில் நிறுத்துவதிலும் ஆபத்து உண்டு. அப்பா அப்படி நிறுத்திய வாரம் உனக்கு நினைவிருக்கும்: முதலில் கை நடுக்கம், இரண்டாம் நாள் வலிப்பு, மூன்றாம் நாள் இல்லாதவர்களோடு பேச்சு. நான் அதை வேறெதுவோ என்று எண்ணி ஒரு பகல் முழுவதையும் வீணாக்கினேன். மதுவுக்குப் பழகிப்போன மூளை அது திடீரென்று கிடைக்காதபோது கட்டுக்கடங்காமல் கொந்தளிக்கும் என்று பிறகுதான் மருத்துவர் விளக்கினார். ஆகவே யாராயினும் மருத்துவரைக் கேட்டே நிறுத்த வேண்டும். தூக்க மாத்திரையை மதுவோடு சேர்க்கக் கூடாது என்று மேலே எழுதினேன் அல்லவா? அதைத் தானாக வாங்கிப் போட்டுக்கொள்வதும் கூடாது. மறுபடியும் எழுதுகிறேன், கூடாது.

நீ சிறு வயதிலிருந்தே நான்கு பேர் நடுவில் பேசக் கூசுபவன். கையில் கோப்பை இருந்தால் நாக்கு அவிழும் என்பது பொய்யன்று. அதன் கெடுதலே அதில்தான் இருக்கிறது. முதல் பத்து நிமிடங்களைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கினால் கூச்சம் சற்றே இறங்கும், அடுத்த முறை இன்னும் கொஞ்சம் இறங்கும். ஒவ்வொரு முறையும் கோப்பையைக் கொண்டு அதை அமுக்கினால், உனக்கு வயது ஏறும், கூச்சம் இருந்த இடத்திலேயே இருக்கும். மறுப்பதற்கும் இதே பழக்கம்தான் வேண்டும். ‘வேண்டாம், நான் குடிப்பதில்லை’ என்று சாதாரணக் குரலில் சொல்லி, அதோடு நிறுத்திவிட வேண்டும். வயிறு சரியில்லை, நாளை வேலை இருக்கிறது என்று காரணம் சொன்னால், அந்தக் காரணத்தை முறியடிக்கவே நான்கு பேர் கிளம்புவார்கள். மறுபடி கேட்டால் மறுபடியும் அதே சொற்கள்தான். அதற்குமேல் வற்புறுத்துகிறவனுக்கு உன் நட்பைவிடத் தன் குடிக்கு ஒரு துணை தேவைப்படுகிறது. படித்த பிள்ளைக்கு இதையெல்லாம் நான் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று கோபமும் வருகிறது.

கோபப்பட எனக்கு என்ன உரிமை? உனக்கு அப்போது எட்டு வயது. அலுவலகத்திலிருந்து ஆள் வந்து கதவைத் தட்டியபோது, உன்னை முன்னே தள்ளி, ‘அப்பாவுக்குக் காய்ச்சல் என்று சொல்’ என்று காதில் ஓதியவள் நான். முதல் முறை நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். ஐந்தாவது முறை நான் சொல்லாமலேயே சொன்னாய். வந்தவர் உன் தலையைத் தடவிக்கொடுத்துவிட்டுப் போனார். அன்று எனக்கு உன்னை நினைத்துப் பெருமையாக இருந்தது. அதை எழுதவே கை கூசுகிறது. இத்தனை ஆண்டுகளும் குற்றம் முழுவதையும் அப்பாவின் பெயரில் எழுதி வைத்திருந்தேன். அவர் குடித்ததை நீ பார்த்தாய். அதை மூடி மறைப்பதை என்னிடம் கற்றாய். துன்பம் வந்தால் ஒருவரிடம் வாய்விட்டு உதவி கேட்கலாம் என்பதை நான் உனக்கு ஒரு நாளும் செய்து காட்டவில்லை, என் உடன்பிறந்தவர்களிடம்கூட நான் சொன்னதில்லை.

ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கு அழைக்கிறேன். ஸ்பீக்கரில் போட மாட்டேன், பாப்பாவும் அருகில் இருக்க மாட்டாள். உண்மையிலேயே காய்ச்சல் என்றால் அப்படியே சொல், நம்புகிறேன். வேறு ஏதாவது என்றால் அதைச் சொல். ஒன்றும் பேசாமல் இருந்தாலும் நான் தொலைபேசியை வைத்துவிட மாட்டேன். அப்பாவும் உன்னோடு பேச வேண்டும் என்கிறார். நீ சரி என்றால் மட்டும் அவரிடம் கொடுக்கிறேன்.

அம்மா