ஹாம்சனை எடைபோடும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

நார்வே நாவலாசிரியர் நட் ஹாம்சன் பற்றிய உன் கட்டுரையைப் படித்தேன். 'முதுமையில் புத்தி தடுமாறி நாஜிகளை ஆதரித்தார்' என்ற வரியை அடித்துவிடு. தேதிகளை வரிசையாக வைத்துப் பார், அந்தச் சமாதானம் நிற்காது.

1935-லேயே, நாஜிகளை எதிர்த்து வதைமுகாமில் கிடந்த ஜெர்மன் பத்திரிகையாளர் ஓசியெட்ஸ்கியைப் பத்திரிகையில் ஏளனம் செய்தார். 1940-இல் ஜெர்மன் படை நார்வேக்குள் புகுந்தபோது, துப்பாக்கியைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகச் சொல்லித் தன் நாட்டவருக்கே எழுதினார். 1943-இல் தன் நோபல் பதக்கத்தை ஹிட்லரின் பிரசார அமைச்சர் கோயபல்ஸுக்குக் கொடுத்தார். அதே வருஷம் ஹிட்லரை நேரில் பார்த்து, நார்வேயில் ஆட்சி செய்த ஜெர்மன் அதிகாரி டெர்போவனை நீக்கச் சொல்லி வாதாடியதும் உண்டு. அதை மறைக்காதே, அதை வைத்து வெள்ளையடிக்கவும் செய்யாதே. ஏனென்றால் 1945 மே 7, ஹிட்லர் செத்து ஒரு வாரம் ஆனபின், புகழஞ்சலி எழுதினார். செத்தவனிடம் என்ன ஆதாயம்? நம்பித்தான் எழுதியிருக்கிறார்.

'மனத்திறன் நிரந்தரமாகக் குன்றியவர்' என்று போருக்குப் பின் மருத்துவர்கள் கொடுத்த அறிக்கையிலிருந்துதான் அந்தத் தடுமாற்றக் கதை கிளம்பியது. குற்ற வழக்கு கைவிடப்பட்டது. 1948-இல் உச்ச நீதிமன்றம் 3,25,000 குரோனர் இழப்பீடு கட்டச் சொன்னதோடு சரி. மறுவருஷமே, 90 வயதில், காவலில் இருந்த நாட்களைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். அறிக்கையை அதன் பக்கத்தில் வைத்துப் படி, சிரிப்பு வரும்.

'ஆள் வேறு, எழுத்து வேறு' என்பதையும் மொத்தமாகச் சொல்லாதே. புத்தகம் புத்தகமாகப் பார்க்க வேண்டும். 1890-இல் வந்த 'பசி'யில் அரசியலைத் தேடினால் வெறுங்கைதான். க.நா.சு. தமிழாக்கிய 'நிலவள'த்தில் (மூலம் 1917) அப்படியில்லை: வட நார்வேயின் நாடோடிப் பழங்குடியான 'சாமி' இனத்தவன் ஒருவன் கர்ப்பிணியான நாயகி இங்கர் முன் முயலோடு வந்து நிற்கிறான் (கர்ப்பிணி முயலைப் பார்த்தால் குழந்தைக்கு உதடு பிளக்கும் என்பது அங்கத்திய மூடநம்பிக்கை), குழந்தை பிளந்த உதட்டோடு பிறக்கிறது. மண்ணை உழுபவன் உயர்ந்தவன், அலைபவன் கள்ளன் என்ற பார்வை கதைக்குள்ளேயே இருக்கிறது. நோபல் பரிசு 1920-இல் கிடைத்ததும் இந்த நாவலுக்குத்தான்.

புகழைப் பற்றிய பத்தியில் 2009-இல் நார்வேயின் ஹாமரோயில் அவர் பெயரில் திறந்த மையத்தைப் பெரிதாக்கியிருக்கிறாய். கட்டடத்தை அரசு கட்டும், எழுத்தாளனைக் காப்பாற்றுவது அவனிடம் தொழில் கற்ற மற்ற எழுத்தாளர்கள். யூத எழுத்தாளரான ஐசக் பாஷெவிஸ் சிங்கர் ஹாம்சனை யூதர்களின் இட்டிஷ் மொழியில் மொழிபெயர்த்தார். 20-ஆம் நூற்றாண்டின் நவீனப் புனைகதையே அவரிடமிருந்து கிளைத்தது என்றார். மையத்தைச் சுருக்கி, சிங்கருக்கு இடம் கொடு.

மேற்கோளை 'பசி'யின் 1899 ஆங்கிலப் பதிப்பிலிருந்து எடுக்காதே. காமம் தொட்ட இடங்களை அதில் வெட்டியிருக்கிறார்கள்.

அப்பா