ஆடிப்பட்டத்துக்கு விதை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆடி நெருங்குகிறது. எங்கள் தெருவின் மொட்டை மாடிகளில் செடி வளர்க்கும் பைகளும் தொட்டிகளும் மீண்டும் வரிசை கட்டத் தொடங்கிவிட்டன. தோட்டக்கலைத் துறை மானிய விலையில் தரும் மாடித்தோட்டத் தொகுப்புகளாலும், குடியிருப்போர் சங்கங்கள் விடுமுறை நாள்களில் நடத்தும் பயிற்சிகளாலும், ஒரு கீரைப் பாத்திகூடப் போட்டறியாத வீடுகளில் இன்று வெண்டையும் தக்காளியும் காய்க்கின்றன. இதைப் பார்க்கும்போது மனம் நிறைகிறது. ஆனால் மண் கலவை, உரம், பூச்சி விரட்டி என்று எல்லாவற்றையும் கற்றுத்தரும் இந்தப் பயிற்சிகளில் விதை எடுப்பதைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை என்பதைச் சுட்டிக்காட்டவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு கடையில் வாங்கி விதைத்த கத்தரி மிக நன்றாகக் காய்த்தது. அதில் ஒரு காயைச் செடியிலேயே பழுக்கவிட்டு, விதை எடுத்து, தைப்பட்டத்தில் விதைத்தேன். ஒரு செடியில் நீளக் காய், மற்றொன்றில் உருண்டைக் காய், மூன்றாவது செடி பூத்ததோடு சரி. அது வீரிய ஒட்டு விதை என்று உறையின் ஓரத்தில் ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்ததைப் பிறகுதான் கவனித்தேன். இருவேறு பெற்றோர் வகைகளைக் கலந்து உருவாக்கும் அத்தகைய விதையின் குணங்கள் அடுத்த தலைமுறையில் பிரிந்துவிடும் என்பதால், ஒவ்வொரு பட்டத்துக்கும் கடைக்குத்தான் போயாக வேண்டும். அதே மாடியில், முசிறிப் பக்கத்திலிருந்து வந்து எங்கள் எதிர் வீட்டில் குடியிருக்கும் பெரியம்மா ஒருவர் கைப்பிடி அளவு கொடுத்த சிவப்பு அவரை, நான்கு ஆண்டுகளாகக் குணம் மாறாமல் ஆடியில் ஊன்றப்பட்டுப் பனிக்காலத்தில் காய்த்து வருகிறது.

இதற்கு வழிகாட்டி திருவாரூர் மாவட்டத்திலேயே இருக்கிறது. திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில், இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வாரின் வழியில் வந்த நெல் ஜெயராமன் 2006 முதல் நெல் திருவிழாவை நடத்தினார். வந்த உழவருக்கு 2 கிலோ பாரம்பரிய விதைநெல்லை விலையில்லாமல் கொடுத்து, அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பதே அங்கு அவர் வைத்த ஒரே நிபந்தனை. 2018 டிசம்பரில் அவர் மறைவதற்குள் மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம் உள்ளிட்ட 174 இரகங்கள் மீட்கப்பட்டிருந்ததற்கு, கொடுத்ததை இரட்டித்துத் திருப்பும் அந்த வழக்கமும் ஒரு காரணம் என்றே நான் நம்புகிறேன். நெல்லுக்குக் கைகூடியது காய்கறிக்குக் கைகூடாதா?

காய்கறி விதை எடுப்பது அரிய வித்தை ஒன்றும் அன்று. பூசணி விதையைச் சாணத்தில் பதித்துச் சுவரில் தட்டி வைப்பதும், கத்தரி விதையைக் கழுவி நிழலில் உலர்த்திச் சாம்பலில் புரட்டி எடுப்பதும், முற்றிக் காய்ந்த சுரைக்குடுக்கையையே விதைப் பெட்டியாக்கிக்கொள்வதும் நம் பாட்டிமார் அன்றாடம் செய்தவை. முதலில் காய்ப்பதையும் கடைசியில் காய்ப்பதையும் விட்டு, நடுப்பருவத்தில் காய்க்கும் நல்ல காயையே அவர்கள் விதைக்கு விட்டார்கள். நகரத்து மாடியில் ஒரு சிக்கல் உண்டு என்பதை மறுக்கவில்லை. அவரையும் தக்காளியும் பெரும்பாலும் தம் பூவிலேயே மகரந்தம் சேர்ப்பவை. ஆனால் பூசணி, சுரை, பீர்க்கு ஆகியவற்றில் வண்டும் தேனீயும் பக்கத்து மாடியின் மகரந்தத்தைக் கொண்டுவந்து கலந்துவிடும். ஆகவேதான் இதை ஒருவர் தனியாகச் செய்ய முடியாது என்கிறேன். ஒரு தெருவே பேசி வைத்துக்கொண்டு இவ்வாண்டு ஒரே சுரை இரகத்தை மட்டும் வளர்ப்பது என்று முடிவு செய்தால், அந்தத் தெருவுக்கே கலப்பில்லாத விதை கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு.

விதையைக் கைமாற்றுவது சட்டப்படி சரியா என்று சங்கக் கூட்டத்தில் ஒருவர் தயங்கினார். பயிர் இரகங்கள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், 2001-இன் 39-ஆம் பிரிவு, விதையைச் சேமிக்கவும், மறுபடி விதைக்கவும், பிறரோடு பகிர்ந்துகொள்ளவும், விற்கவும் உழவருக்கு உரிமை தருகிறது. பாதுகாக்கப்பட்ட இரகத்தை வணிகப் பெயரிட்டு விற்பதை மட்டுமே அது தடுக்கிறது. நம் வீட்டு அவரையை நாலு பேருக்குக் கொடுக்க எவரும் அஞ்ச வேண்டியதில்லை.

தங்கள் நாளிதழின் வழியாக நான் வேண்டுவன இரண்டு. வீட்டுத்தோட்டத்துக்கென விற்கப்படும் ஒவ்வொரு விதை உறையின் முகப்பிலும், அது நாட்டு விதையா வீரிய ஒட்டா, அதன் விதையை எடுத்து மறுபடி விதைக்கலாமா என்பதைத் தமிழில் பெரிய எழுத்தில் அச்சிடச் செய்ய வேண்டும். அடுத்து, 1999 நவம்பரில் மதுரையில் முதலாவதாகத் திறக்கப்பட்டு இன்று மாநிலமெங்கும் இயங்கும் உழவர் சந்தைகளில், ஆடியிலும் தையிலும் ஒரு மாத காலமாவது விதைப் பரிமாற்றத்துக்கென ஒரு மேசையை ஒதுக்க வேண்டும். இதற்குப் பெரிய செலவு இல்லை. எடுத்தவர் பெயரையும் இரகத்தையும் எழுத ஒரு நோட்டுப் புத்தகமும், ஒரு பங்கு எடுத்தால் இரு பங்காகத் திருப்பும் ஆதிரெங்கத்து நிபந்தனையுமே போதும். எங்கள் திருச்சி தென்னூர் உழவர் சந்தையில் வரும் ஆடிப்பெருக்குக்கு முன் அப்படியொரு மேசை போடப்பட்டால், முதல் நாள் காலையிலேயே சிவப்பு அவரை விதையோடு நான் அங்கு வந்து நிற்பேன். எதிர் வீட்டுப் பெரியம்மாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர்,
திருச்சிராப்பள்ளி