உதிரிபாகத்தை எங்களுக்கும் விற்பீர்: லேசர் அச்சுப்பொறி நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

லேசர் அச்சுப்பொறி தயாரிக்கும் நிறுவனங்களின் நிர்வாகிகளுக்கு,

வணக்கம்.

வீட்டிலுள்ள பழைய அச்சுப்பொறியைப் பழுதுபார்ப்பதா, புதிது வாங்குவதா என்ற கேள்வியோடு சேவை மையத்துக்கு வருவோருக்கு என்ன விடை கிடைக்கும் என்பது தாங்கள் அறியாததல்ல. "இந்த மாடல் நின்றுவிட்டது, புதிதாக ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்" என்ற அந்த விடை அண்மையில் எனக்கும் கிடைத்தது. ஒரு புதிய கார்ட்ரிட்ஜை என்னிடம் விற்று முடித்த பிறகே அதைச் சொன்னார்கள் என்பதால்தான் இம்மடலை எழுத நேர்ந்தது.

என் அச்சுப்பொறியிலிருந்து வரும் தாள்களில் சீரான இடைவெளியில் ஒரு கறை விழத் தொடங்கியிருந்தது. விரலால் தடவினால் எழுத்துகள் கரியாக விரலோடு வந்தன. டோனர் என்னும் அச்சுத்தூள்தான் கோளாறு என்றார்கள். கார்ட்ரிட்ஜை மாற்றினேன், அந்தத் தூளைத் தாளில் எழுத்தாகப் பதிக்கும் உருளையான டிரம்மும் அதற்குள்ளேயே இருப்பதால் அதுவும் புதிதாகிவிட்டது, கறை மட்டும் போகவில்லை. உருளை ஒரு சுற்றுச் சுற்றும் தொலைவுக்கு ஒருமுறைதான் அதிலுள்ள குறை தாளில் மறுபடி பதியும் என்பதால், அந்த இடைவெளியை அளவுகோலால் அளந்தே பழுதான உருளையைக் கண்டுபிடித்துவிடலாம் என்பதைத் தங்கள் பொறியாளர்கள் நன்கறிவார்கள். சிறிய இயந்திரங்களில் பரவலாகக் காணப்படும் 24 மி.மீ. விட்டமுள்ள டிரம் என்றால் ஏறத்தாழ 75 மி.மீ.க்கு ஒரு கறை விழ வேண்டும். என் தாளில் இடைவெளி அதைவிடத் தெளிவாகவே குறைவு. பழுது, டோனர்த் தூளை ஏறக்குறைய 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் உருக்கித் தாளோடு ஒட்டவைக்கும் ஃபியூசரில்தான். எழுத்து விரலில் ஒட்டியபோதே சேவை மையத்தார் இதைச் சந்தேகித்திருக்க வேண்டாமா?

கிழிந்திருப்பது ஃபியூசருக்குள் சுழலும் மெல்லிய ஃபிலிம் உறை மட்டுமே. லேசர், மோட்டார், மின்சுற்றுப் பலகை அனைத்தும் நலம். ஆனால் அந்த உறையைத் தனியே தரமாட்டார்களாம். முழு ஃபியூசராகத்தான் வாங்க வேண்டுமாம். அதன் விலையோ புதிய இயந்திரத்தின் விலையை நெருங்குமாம். அதுவும் இப்போது வருவதில்லையாம். இந்நிலையில் புதிதாக வாங்கினால், நான் காசு கொடுத்து வாங்கிய நிறை கார்ட்ரிட்ஜ் அதில் பொருந்தாது. புதியதோடு வரும் கார்ட்ரிட்ஜிலோ டோனர் குறைவாகவே நிரப்பப்பட்டிருக்கும். ஆக, பழுதுபார்க்கவும் வழியில்லை, மாற்றினாலும் நட்டம்.

எல்லாப் பழுதையும் சரிசெய்தே தீர வேண்டும் என்று நான் வாதிடவில்லை. பலகை எரிந்துபோனால் புதிது வாங்குவதே அறிவுடைமை. ஆனால் காலப்போக்கில் வழுவழுப்பாகித் தாளை இழுக்க மறுக்கும் ஒரு ரப்பர் உருளைக்காகவும், கிழிந்த ஓர் உறைக்காகவும் முழு இயந்திரத்தையும் கழித்துக்கட்டச் சொல்வது முறையல்ல. தேயும் பாகங்களை, மாடலின் விற்பனை நின்று பத்தாண்டுகள் வரையிலாவது, கேட்கும் எவருக்கும் தனித்தனியே விற்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

ஒரு கார்ட்ரிட்ஜ் எத்தனை பக்கம் அச்சிடும் என்பதை ஐஎஸ்ஓ/ஐஇசி 19752 என்னும் பன்னாட்டுத் தரநெறிப்படி அளந்து பெட்டியின் மேல் அச்சிடுகிறீர்கள். அந்த இயந்திரத்துக்கு எத்தனை ஆண்டுகள் உதிரிபாகம் கிடைக்கும் என்பதை அச்சிடப் பெட்டியில் இடம் போதவில்லை போலும். கார்ட்ரிட்ஜ் தங்களுடையதுதானா என்று சோதிக்கும் சில்லைப் பொருத்தும் அக்கறையில் ஒரு பங்கு ஃபிலிம் உறையின் மேல் விழுந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். தாளின் இருபுறமும் அச்சிட்டு மரங்களைக் காக்குமாறு எங்களுக்கு அறிவுரை வேறு. 2024-இல் ஐரோப்பிய ஒன்றியம் இயற்றிய பழுதுபார்ப்பு உரிமை நெறிமுறையின் பட்டியலில் துணிதுவைக்கும் இயந்திரமும் குளிர்பதனப் பெட்டியும் கைப்பேசியும் உண்டு, அச்சுப்பொறி இல்லை. அதனால் தாங்கள் நிம்மதியாக இருக்கலாம். நாங்கள்தான் இருக்க முடியவில்லை.

கடுமையாகத் தோன்றினால் பொறுத்தருள்க. தேயும் பாகங்களைத் தனியே விற்குமாறும், கறையின் இடைவெளியைக் கொண்டு பழுதைக் கண்டறியும் அட்டவணை உள்ள பராமரிப்புக் கையேட்டைப் பொதுவில் வெளியிடுமாறும் மீண்டும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அதற்கு நாளாகும் என்றால், அந்த ஃபிலிம் உறையின் அளவையும் பாக எண்ணையுமாவது முதலில் தெரிவித்து உதவுங்கள்.

இப்படிக்கு,
நிறை கார்ட்ரிட்ஜும் ஓடாத அச்சுப்பொறியும் கொண்ட ஒரு வாடிக்கையாளர்