கவரின் உள்பக்கத்தை மூடினாயா?

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் கண்ணுக்கு இன்னும் பத்து நாள் சொட்டு மருந்து விடவேண்டும், மற்றபடி சரியாகிவிட்டது. சின்னவன் வேலை மாறப்போகிறான், அதை அவனே உனக்குச் சொல்லியிருப்பான்.

நீ அம்மாவுக்கு அனுப்பிய, இன்ஜின் தலையை மூடும் வால்வ் கவரின் படத்தை நேற்று அவள் காட்டினாள். எனக்கும் ஒன்று அனுப்பியிருக்கலாம். பெரிதாக்கி வைத்துக்கொண்டு அரை மணி நேரம் பார்த்தேன். மேலே இருக்கும் எழுத்துகளின் இடுக்கில்கூட வார்ப்புச் சொரசொரப்பு இல்லை. அங்கே விரல் நுழையாது. குச்சி முனையில் எமரித் தாளை, அந்த உப்புத்தாளை, சுற்றித்தான் தேய்த்திருப்பாய். அதை நான் உனக்குச் சொல்லித் தந்ததில்லை, நீயாகக் கண்டுபிடித்தது. பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

படம் வந்த நேரம் அதிகாலை 2.40 என்று இருந்தது. அந்த நேரத்தில் விழித்திருந்து தேய்க்கிற அளவுக்கு இதில் அவசரம் ஒன்றும் இல்லையே அம்மா.

கவரின் இடது மூலையில், ஆயில் ஊற்றும் வாய் பக்கம், பளபளப்புக்கு அடியில் ஒரு மங்கல் தெரிகிறது. அது 400 நம்பர் தாளின் கோடு. நம்பர் ஏற ஏறத்தான் தாள் மென்மையாகும். அது முழுக்க மறைவதற்குள் 600, 800 என்று மேலே போயிருக்கிறாய். மினுக்கும் பேஸ்ட் எவ்வளவு போட்டாலும் ஆழக்கோடு போகாது, அதையும் சேர்த்து மினுக்கிவிடும். அந்த மூலையை மட்டும் திரும்ப 400-க்குக் கொண்டுபோ. ஒரு நம்பரை நெடுக்கில் தேய்த்தால் அடுத்ததைக் குறுக்கில் தேய். பழைய கோடு ஒன்று மிஞ்சியிருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். பிறகு 600, 800, 1000, 1500, 2000, கடைசியில்தான் பேஸ்ட். ஒவ்வொரு நம்பருக்கும் நடுவில் கழுவித் துடைத்து, விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார். விளக்குப் பிடிக்க இன்னொரு ஆள் இருந்தால் நல்லது. மாப்பிள்ளையைப் பிடிக்கச் சொல்கிறாயா? கடைசி நான்கு முறை பேசியபோதும் அவர் வேலையாக இருப்பதாகச் சொன்னாய்.

சோப்புத் தண்ணீர் விட்டு ஈரமாகவே தேய். தாள் அடைத்துக்கொள்ளாது, பொடியும் பறக்காது. காய்ந்த அலுமினியப் பொடி நெஞ்சுக்கும் ஆகாது, நெருப்புக்கும் ஆகாது. கிரீஸ் போக்குவதற்கென்று காஸ்டிக் சோடா பக்கம் போகாதே, அலுமினியத்தையே அரித்துக் கறுக்க வைத்துவிடும். இரும்புக் கம்பி பிரஷும் வேண்டாம், அதன் துகள் உள்ளே பதிந்து பிறகு துருப்புள்ளி வரும். கசிவை அடைக்கும் கேஸ்கெட் உட்காரும் முகத்தைத் தொடவே கூடாது. அந்த முகம் சமமாக இருந்தால்தான் ஆயில் கசியாது.

உள்பக்கத்தை மூடினாயா? படத்தில் மேல்பக்கம் மட்டும்தான் தெரிகிறது. கவரின் உள்ளே ரிவெட் அடித்த தகடு இருக்கும், பாப்பா. அதற்குப் பின்னால் எமரித் துகள் போய்விட்டால் எத்தனை முறை கழுவினாலும் முழுக்க வராது. வண்டி ஓடும்போது ஆயிலோடு ஒவ்வொன்றாக இறங்கும். ஆயில் வாய், மூச்சுக்குழாய் ஓட்டை, உள்பக்கம், மூன்றையும் தேய்க்க ஆரம்பிக்கும் முன்பே டேப் ஒட்டி மூடவேண்டும். கவரைக் கழற்றிய இடத்தில் இன்ஜினையும் சுத்தமான துணியால் மூடி வை. மூடிவிட்டாய் என்றால் பதிலில் ஒரு வார்த்தை எழுது. மூடாவிட்டால் பூட்டாதே.

இதை நான் மூன்றாவது முறையாகச் சொல்கிறேன் என்று அம்மா சொல்கிறாள். போனிலும் சொன்னேனாம். சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

பச்சை வண்டியின் கவரை நாம் இரண்டு பேரும் தேய்த்தபோது நீ பத்தாவது படித்துக்கொண்டிருந்தாய். நீதான் உள்பக்கம் முழுவதும் டேப் ஒட்டினாய், அளவு பார்த்து வெட்டி வெட்டி. முடிந்ததும் உரித்தாய், இரண்டு முறை கழுவினாய், கவிழ்த்துக் காயவைத்துவிட்டுத் தூங்கப் போனாய். அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. ஓரத்தில் ஒரு கோடு என் கண்ணை உறுத்தியது. டேப் ஒட்டச் சோம்பல்பட்டு அப்படியே தாளை எடுத்துக் காய்ந்த கவரைத் தேய்த்தேன். ஒரு மணி நேரம் இருக்கும். பழந்துணியால் மேலாகத் துடைத்துவிட்டு அந்த இரவே பூட்டிவிட்டேன்.

ஆறு மாதம் கழித்து இன்ஜினைப் பிரித்தபோது பேரிங் முழுவதும் கீறல் கீறலாக இருந்தது. பொடி உள்ளே போயிருக்கிறது என்று மெக்கானிக் சொன்னார். சித்தப்பா நின்றார், அத்தை நின்றாள், நீ நின்றாய். "இவள் கழுவிய லட்சணம்" என்று நான் சொன்னேன். எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தேதான் சொன்னேன்.

நீ ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. "நான் நன்றாகத்தானே கழுவினேன்" என்றுகூடக் கேட்கவில்லை. அன்று எனக்கு அது வசதியாக இருந்தது. அதற்குப் பிறகு பதினெட்டு வருடம் நீ எமரித் தாளைத் தொடவில்லை, நானும் ஏன் என்று கேட்கவில்லை.

உன் மீது தப்பில்லாதபோதும் தலையைக் குனிந்து வாங்கிக்கொள்ள நான் பழக்கிவிட்டேன் என்று இப்போது தோன்றுகிறது. இந்தப் படத்தைப் பார்த்ததிலிருந்து தூக்கம் வரவில்லை. அங்கே உன் வீட்டில் யார் எதைச் சொன்னாலும் நீ அப்படி நிற்கக்கூடாது. எனக்கு ஒன்றும் தெரியாது, நீயும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்று கட்டாயமும் இல்லை.

பூட்டும்போது போல்ட்டை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக மாற்றி மாற்றி முடுக்கு. இந்தச் சின்ன போல்ட்டுகளுக்கு முறுக்கு விசை பெரும்பாலும் 10 நியூட்டன் மீட்டர் அளவில்தான் இருக்கும், கையேட்டில் உள்ளதையே வை. கைக்கணக்கில் முடுக்கினால் அலுமினியத்தில் மரை போய்விடும். அந்த அளவைக் காட்டும் என் டார்க் ரெஞ்ச் எண்ணெய் போட்டுத் துணியில் சுற்றி வைத்திருக்கிறது. அதை அனுப்ப எனக்கு மனமில்லை, நானே கொண்டு வருகிறேன். அம்மாவுக்குச் சொட்டு மருந்து முடியட்டும், பதினோராம் நாள் கிளம்பிவிடுவேன். யாரிடமும் கேட்கவேண்டாம், உனக்குச் சரி என்றால் போதும்.

அதுவரை இன்ஜினுக்குக் காற்றைக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றாதே. இரவில் தேய்க்காதே. உள்பக்கத்தை மூடினாயா என்று மட்டும் உடனே எழுது.

அப்பா