ஆற்க்காட்டில் ஒரு க் அதிகம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் வேலூர்க் கடைப் பலகைகளின் பிழைகளைப் பற்றி அரைப் பக்கக் கட்டுரை. "பெயிண்டர்களின் அரைகுறைத் தமிழே காரணம்" என்று அதில் ஒரு வரி. நான் லாங்கு பஜாரில் முப்பத்தெட்டு வருடம் போர்டு எழுதியவன். சரி, அரைகுறையாகவே இருந்துவிட்டுப் போகிறேன். அதே கட்டுரையில் 'ஆற்க்காடு சாலை' என்று இரண்டு இடத்தில் அச்சாகியிருக்கிறதே, அதை எந்தப் பெயிண்டர் எழுதினார்? வல்லின ற் வந்தபிறகு பின்னால் இன்னொரு ஒற்று நிற்காது. 'ஆர்க்காடு' என்று இடையின ர் போட்டிருந்தாலாவது அந்த க்-குக்கு இடமுண்டு; பழைய பலகைகளில் அப்படியும் இருந்தது. தங்களுக்குத் தெரியாததா?

1978இல் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்தபோது நான் பிரஷ் கழுவும் பையன். பெரியார் 1935லேயே குடிஅரசில் அச்சிட்டுக் காட்டிய எழுத்து. 1973இல் அவர் கண்மூடியது நம் வேலூரில்தான்; ஆணையைப் பார்க்க அவர் இல்லை. தும்பிக்கை வைத்த பழைய லை ஓர் எழுத்தின் இடத்தில் அடங்கிவிடும். புதியதில் சங்கிலிக் கொம்பு முன்னால் தனியாக நிற்கும். அளந்து போட்ட பென்சில் கோட்டையெல்லாம் அழித்து மறுபடி போட்டோம். ஒரு ரேஷன் கடைக்கு 'நியாய விலைக் கடை' எழுதும்போது கடைசி டை தகர விளிம்பில் போய் இடித்தது. "நடுவுல இருக்கிற அந்தப் புள்ளி எழுத்தை எடுத்துடுப்பா, யார் பார்க்கப் போறா" என்றார் கடைக்காரர். என் மேஸ்திரி எடுக்கவில்லை. வெள்ளை அடித்து, காயவிட்டு, முழுவதையும் திரும்ப எழுதினார். கூலி அதே கூலிதான்.

ஃபிளெக்ஸ் வந்தபிறகு எங்களை யார் கூப்பிட்டார்கள்? காலையில் கம்ப்யூட்டரில் அடித்தால் மாலையில் தொங்குகிறது. அந்தப் பிழையும் எங்கள் தலையிலா? 2020 ஜூனில் ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்தை மாற்றி அரசாணை போட்டார்கள். வேலூருக்குக் கொடுத்ததை எழுத்துக்கூட்டிப் படித்தால் 'வீலூர்' என்று வந்தது! சில நாளில் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அதற்கும் பெயிண்டரைத்தான் கூப்பிட்டார்களா?

மன்னிப்பெல்லாம் வேண்டாம். வரும் ஞாயிறு ஒரு மூலையில் 'ஆற்காடு' என்று திருத்தம் போடுங்கள், போதும். இந்தக் கடிதத்தை வெளியிட்டால் என் பெயர் வேண்டாம். 'ஓர் வாசகர்' என்று மட்டும் போட்டுவிடாதீர்கள்; 'ஒரு வாசகர்'.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சைதாப்பேட்டை, வேலூர்.