பூண்டும் பீட்ரூட்டும் மருந்தான காலம்

ஆசிரியர் அவர்களுக்கு,

தவறான மருத்துவம் பற்றிய கட்டுரையில் தென்னாப்பிரிக்கா விடுபட்டுப்போனது வருத்தம் தருகிறது. எய்ட்ஸுக்கு எச்.ஐ.வி.தான் காரணமா என்றே சந்தேகம் கிளப்பினார் அன்றைய அதிபர் தாபோ எம்பெக்கி. சுகாதார அமைச்சரோ பூண்டு, பீட்ரூட், எலுமிச்சை சாப்பிடச் சொன்னார். அன்று கையிலிருந்த வழி எளிது: எச்.ஐ.வி. தொற்றோடு பிரசவ வலியில் இருக்கும் தாய்க்கு நெவிரபின் என்ற எச்.ஐ.வி. மருந்தில் ஒரு மாத்திரை, பிறந்த குழந்தைக்குக் கொஞ்சம் சொட்டு மருந்து. அவ்வளவுதான், குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகும். மருந்துக் கம்பெனி இலவசமாகத் தர முன்வந்தும் அரசு சில மருத்துவமனைகளோடு நிறுத்திக்கொண்டது. மற்ற அரசு மருத்துவமனைகளிலும் தரச் சொல்லி 2002-இல் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. எய்ட்ஸ் நோயாளிகளுக்கும் மருந்து தராமல் இழுத்தடித்த இந்தப் பிடிவாதத்தால் 2000 முதல் 2005 வரை 3,30,000-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின என்று ஹார்வர்டு ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். மேற்கத்திய மருத்துவத்தைச் சந்தேகிக்க வைத்த, காலனி ஆதிக்கத்தின் மீதான கோபம் நியாயமானதுதான். அதற்குப் பச்சிளங்குழந்தைகளா பலி? அடுத்த வாரமாவது இதை எழுதுங்கள்.

- ஒரு வாசகர், மதுரை