சங்கப் படகுகளின் ஸ்க்ரூ துளை அடைப்புத் திருப்பணி: நிறைவு அறிக்கை

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு வணக்கம்.

நமது சங்கத்தின் ஃபைபர் படகுகளில், உரசுபட்டையையும் எஞ்சின் தாங்கியையும் பலமுறை கழற்றி இடம் மாற்றிப் பூட்டியதால் மிஞ்சிய பழைய ஸ்க்ரூ துளைகளை அடைக்கும் பணி, பொதுக்கூட்டத் தீர்மானத்தின்படி நிறைவடைந்துள்ளது. ஈரம் ஏறிய ஃபைபரில் ரெசின் (இறுகிக் கெட்டியாகும் செயற்கைப் பிசின்) சரியாகப் பிடிக்காது என்பதால், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, படகுகளைக் கரையேற்றி நன்றாகக் காயவிட்ட பிறகே வேலையைத் தொடங்கினோம்.

பக்கச் சுவர்களில் இருந்த துளைகள் பெரும் சிரமம் தரவில்லை. முன்பு சிலர் அவற்றில் சிலிக்கோனைப் பிதுக்கி அடைத்திருந்தனர். அதன் பிசுக்கு இருக்கும் இடத்தில் ரெசின் ஒட்டாது; துடைக்காமல் தேய்த்தாலோ அது மேலும் பரவும். எனவே முதலில் சுரண்டி, அசிட்டோன் என்ற கரைப்பானால் துடைத்து, அதன் பின்னரே துளையின் விளிம்பைச் சரிவாக அகலப்படுத்தி, கெட்டியாக்கிய எபாக்சி வகை ரெசினை உள்வரை அழுத்தி நிரப்பினோம். படகின் அடியில் நடுவே நீளவாக்கில் ஓடும் ஏராவை ஒட்டி நெருக்கமாகத் துளைகள் விழுந்திருந்த இடங்களில் நிரப்புவது மட்டும் போதாது. அங்கே 1 மி.மீ. கனத்துக்கு 12 மி.மீ. அகலம் என்ற அளவில் சரிவாகத் தேய்த்து, கண்ணாடியிழைத் துணியை அடுக்கடுக்காக ஒட்டினோம்.

விலை குறைந்த பாலியெஸ்டர் ரெசினே போதாதா என்று உறுப்பினர்கள் சிலர் கேட்டது நியாயமான கேள்வி. பாலியெஸ்டர் இறுகும்போது சுருங்கும். குறுகிய துளைக்குள் அது விளிம்பை விட்டு விலகினால் மயிரிழை இடைவெளி உண்டாகி, அதன் வழியே மறுபடியும் நீர் இறங்கும். எபாக்சி அவ்வளவு சுருங்காது. இறுகிய பழைய ஃபைபரிலும் உறுதியாகப் பற்றும். எபாக்சியால் செலவு கூடியது என்றாலும், அது தேவையான செலவு என்பதே குழுவின் கருத்து.

எஞ்சின் கட்டும் பின்பலகைதான் எங்களைக் கவலைப்படுத்தியது. ஒரு படகில் பழைய துளைக்குள் ஸ்க்ரூ டிரைவரை விட்டபோது அது தடையின்றி உள்ளே இறங்கியது; வெளியே இழுக்கையில் பழுப்பு நீரும், ஊறிய நார் போன்ற மரத்துகளும் வந்தன. ஃபைபர் உறைக்குள் இருந்த பிளைவுட், துளை வழியே கசிந்த நீரில் உளுத்துப்போயிருந்தது. வெளியே தெரிந்தது விரல்நுனி அளவுத் துளை. உள்ளே கெட்டிருந்ததோ பலகையின் பெரும்பகுதி. ஆகவே உட்புற உறையை வெட்டி எடுத்து, கெட்ட மரத்தை அகற்றி, புதிய மரைன் பிளைவுட்டை எபாக்சியில் பதித்து, அதன் மேல் மீண்டும் ஃபைபர் அடித்தோம்.

இறுகிய எபாக்சியின் மேல் படியும் வழவழப்பை நீரால் கழுவித் தேய்த்த பின்னரே மேற்பூச்சு பூசப்பட்டது. பழைய பூச்சு வெயிலில் மங்கியிருப்பதால், அடைத்த இடங்கள் சற்று வேறு நிறமாகத் தெரியும்; அது பழுதன்று.

இனி எந்தப் படகிலும் குழுவுக்குத் தெரிவிக்காமல் புதிய ஸ்க்ரூ இறக்க வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறோம். பின்பலகையில் பூட்ட வேண்டியிருந்தால், முதலில் துளையைப் பெரிதாக இட்டு எபாக்சியால் நிரப்பி, அது இறுகிய பின் அதன் நடுவே துளையிட வேண்டும். அப்போதுதான் ஸ்க்ரூவும் நீரும் மரத்தைத் தொடாது.

வரவு செலவுக் கணக்கும் ரசீதுகளும் சங்க அலுவலகத்தில் உள்ளன. உறுப்பினர்கள் நேரில் வந்து பார்வையிடலாம்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழுவினர்